பதினான்காவது கேள்வி

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில் நம்மை முதலில் அடையாளம் கண்டுகொள்பவை நாய்கள்தாம். மனிதர்களுக்கு மூன்று வருகையாவது தேவைப்படும். வாக்காளர் பட்டியல், காப்புறுதி, கோயில் நன்கொடை என்று எதற்காகவாவது கையில் காகிதத்தோடு வாசலில் நின்றவர்கள் இதற்குத் தலையாட்டுவார்கள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம். பட்டப்படிப்பை முடித்துவிட்டு மலாக்காவில் சும்மா இருந்தேன். பெயரைக் கேட்டாலே தரையைப் பார்க்கிற எனக்கு, ஒரு நாளைக்கு ஐந்து வீடு, வீட்டுக்கு முப்பது கேள்வி என்று ஒரு வேலை வந்தது. கொடுத்தவர் குலசிங்கம் ஐயா, சமூகவியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர். மனிதர்கள் ஒருவரையொருவர் நம்புவதும் நிலம், கட்டடம் போல ஒரு சொத்துதான், அதையும் அளக்கலாம் என்பது அவர் கட்சி. அளவுகோல், படிவத்தின் பதினான்காவது கேள்வி: ‘உங்களுக்கு ஓர் இக்கட்டு வந்தால் யாரிடம் போவீர்கள்?’ அதன் கீழே பெயர் எழுத மூன்று கோடுகள்.

அரசாங்கத்தில் பெண்களுக்கு மாலை நேர எழுத்தறிவு வகுப்பு ஒன்று தொடங்க இருந்தார்கள். புக்கிட் ரம்பாய், உஜோங் பாசிர், காஜா பெராங், இந்த மூன்றில் ஓர் இடத்துக்குத்தான். அக்கம்பக்கம் ஒன்றையொன்று கூட்டிக்கொண்டு வருகிற இடத்தில்தான் வகுப்பு நிலைக்கும் என்று, இடத்தைப் பரிந்துரைக்கும் பொறுப்பை ஐயாவிடம் விட்டிருந்தார்கள். காஜா பெராங் என் ஊர். என் அம்மா கைநாட்டு. வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மா தினமும் செய்தித்தாளை விரித்து, படங்களை வைத்து எது மேல், எது கீழ் என்று கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் ஊரிலேயே நான் கேட்பதால் ஐயா ஒரு நிபந்தனை போட்டார். வீட்டுக்காரர் வாயால் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும். எனக்குத் தெரிந்ததை எழுதக்கூடாது.

அழுத்தி எழுதச் சொன்னவர்

முதல் வீடு அஞ்சலை அக்கா வீடு. கணவர் நகராட்சியில் சாலை வேலை செய்பவர். அக்கா துவைத்த துணியைக் காயப்போட்டுக்கொண்டே பதின்மூன்று கேள்விக்கும் மளமளவென்று பதில் சொன்னார். பதினான்கு வந்ததும் துணியை உதறுவதை நிறுத்திவிட்டார். யாரிடமும் போக மாட்டோம் என்றார்.

அவர் அப்படிச் சொன்ன நேரத்தில், அவருடைய ஐந்து மாதக் குழந்தையை அடுத்த வீட்டு மரியம் அக்கா கிணற்றடியில் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அது தினமும் நடப்பது. நான் மெதுவாகக் கிணற்றடியைப் பார்த்தேன். அஞ்சலை அக்காவும் பார்த்தார். மரியம் அக்கா சும்மா வைத்திருக்கிறார் என்றார். பிறகு என் பேனாவைக் காட்டிச் சொன்னார்:

“நாங்க யார் கையையும் எதிர்பாத்து வாழலன்னு எழுது தங்கச்சி. நல்லா அழுத்தி எழுது.”

அடிக்கச் சொன்னவர்

மரியம் அக்காவின் கணவருக்கு ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை. அக்கா வீட்டில் தையல் தைப்பார். அவரும் பதினான்காவது கேள்விக்கு அல்லாவைத் தவிர வேறு யாரையும் சொல்லவில்லை. அல்லாவின் பெயரை எழுதலாமா என்று ஐயாவிடம் கேட்கவேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

விடக்கூடாது என்று, படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றைத் துணிந்து கேட்டேன். நீங்கள் யாருக்காவது உதவுவதுண்டா, உதாரணமாக ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவது? தையல் இயந்திரம் நின்றது. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ அவர் குளிக்கும்போது நான் எட்டிப்பார்த்துவிட்ட மாதிரி.

“செஞ்சத வெளிய சொன்னா அது செஞ்சதுல சேருமா? அந்தக் கேள்விய அடிச்சிரும்மா.”

பதினொரு தட்டுகள்

தெய்வானை அம்மாள் மலாக்காச் செட்டி குடும்பத்தவர், பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தங்கிவிட்ட வணிகர்களின் வழி. பொட்டும் பூவும் கோயிலும் நம்மைப் போலவே. பேச்சு மட்டும் மலாய். பதினான்காவது கேள்வியை என்னால் முடிந்த மலாயில் கேட்டேன். தலையை ஆட்டி இல்லை என்றார்.

அவர் சமையலறையில் பதினொரு பீங்கான் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றும் அவருடையது இல்லை. அடியில் சிவப்புச் சாயப் புள்ளி வைத்தது அஞ்சலை அக்கா வீட்டுத் தட்டு, பச்சைப் புள்ளி மரியம் அக்காவுடையது, நூல் சுற்றியது எங்கள் வீட்டுடையது. பலகாரம் வந்த தட்டைக் காலியாகத் திருப்பக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் வாழையிலையில் மடித்த ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் உதவிதானே, ‘தோலோங்’தானே என்று கேட்டேன். மலாயில் ‘ஜிரான்’ என்றால் அண்டை வீட்டார். அம்மாள் எனக்குப் பாடம் நடத்துவதுபோல நிதானமாகச் சொன்னார்:

“இது தோலோங் இல்லை. இது ஜிரான்.”

வெறும் கோடுகள்

நாற்பது படிவங்களை ஐயாவின் மேசையில் வைத்தேன். பதினான்காவது கேள்விக்குக் கீழே நூற்றிருபது கோடுகள், நூற்றிருபதிலும் ஓர் ஆளின் பெயர் இல்லை. ஐயா ஒவ்வொன்றாகப் புரட்டினார். மற்ற இரண்டு இடங்களிலும் ஆளுக்கு ஒரு பெயராவது வந்திருக்கிறது, ஒருவருக்கு ஒருவர் வேண்டாத ஊரில் வகுப்பு வைத்தால் வாத்தியார் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார் என்றார். பரிந்துரைக் கடிதத்துக்குக் காகிதத்தை எடுத்துவிட்டார்.

அதுவரை அவரிடம் நான் பேசியது ‘சரி ஐயா’ மட்டும். அன்று தரையைப் பார்த்தபடியே சொன்னேன். எங்கள் ஊரில் உதவி வாங்கினேன் என்று சொல்வது வெட்கம். செய்தேன் என்று சொல்வது அதைவிட வெட்கம். அதனால் அவர்களைப் பற்றி அவர்களிடம் கேட்கக்கூடாது. ‘அடுத்த வீட்டுக்கு ஓர் இக்கட்டு வந்தால் யார் போவார்கள்?’ என்று கேட்டுப் பார்க்கிறேன். அதற்கும் பதில் இல்லையென்றால் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனாவை மூடினார்.

“மூண்டு இடத்திலயும் இந்தக் கேள்வியத்தான் கேக்கவேணும், பிள்ளை. உம்மட ஊருக்கெண்டு தனிக் கேள்வி ஏலாது.”

காகிதம் போதாமல் போன நாள்

இந்த முறை ஐயாவும் கூட வந்தார். அஞ்சலை அக்காவிடம், மரியம் அக்காவுக்கு ஒன்றென்றால் யார் போவார்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. போன நோன்பில் மரியம் அக்கா காய்ச்சலில் விழுந்தபோது கஞ்சி காய்ச்சியது யார், ரிக்‌ஷா பிடித்தது யார், தைக்க வந்த துணிகளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தது யார் என்று ஒவ்வொருவர் பெயராக வந்தது. தன் பெயரை மட்டும் விட்டுவிட்டார். அதை மரியம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சேர்த்தார். அந்தக் கோபத்தில் அஞ்சலை அக்கா, தன் பிரசவத்தின்போது பதினைந்து நாள் தண்ணீர் சுமந்தது மரியம் அக்கா என்று போட்டுக்கொடுத்தார். தெய்வானை அம்மாளுக்குப் பேசப் பொறுமை இல்லை. ஜன்னலருகே போய் நின்று, இந்த வீடு, அந்த வீடு, அதோ அந்த வீடு என்று விரலால் காட்டிக்கொண்டே போனார்.

மூன்று கோடுகள் தீர்ந்து, படிவத்தின் பின்பக்கமும் தீர்ந்து, ஐயா தன் குறிப்பேட்டிலிருந்து தாள்களைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு வாரத்தில், மற்ற இடங்களில் வேறு ஆட்கள் இதே கேள்வியைக் கேட்டு நிரப்பிய படிவங்களும் வந்தன. அவையும் நிறைந்துதான் இருந்தன. பெரும்பாலும் அண்ணன், மாமா, சகலை. எங்கள் ஊருக்கு இனி வகுப்பு இல்லை என்றே நினைத்தேன். ஐயா எங்கள் தாள்களைத் தனியாக எடுத்துப் பெயர்களின் கீழே கோடு போட்டார். பிறகு கடிதத்தில் காஜா பெராங் என்று எழுதிவிட்டு என்னிடம் காட்டினார்.

“சொந்தக்காரரைச் சொல்லாத ஊர் இல்ல, பிள்ளை. இஞ்ச வேற பாஷை, வேற சாமி எல்லாம் ஒரே தாளில வந்து நிக்குது.”

தலைவர் தேர்தல்

வகுப்பு தெய்வானை அம்மாளின் முன்கூடத்தில் தொடங்கியது. முதல் மாலை இருபத்தாறு பெண்கள் வந்தார்கள். அம்மா முன்வரிசை. பெயர்ப் பதிவு செய்ய வந்த அதிகாரி, வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு தலைவர் வேண்டும் என்றார். அஞ்சலை அக்கா மரியம் அக்காவைக் காட்டினார், அவர் தெய்வானை அம்மாளைக் காட்டினார், அம்மாள் திரும்ப அஞ்சலை அக்காவைக் காட்டினார். அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் கதவோரம் மறைந்து நின்றேன். அப்போது அம்மா எழுந்தார். வெளி ஆட்கள் முன்னால் அம்மா எழுந்து பேசி நான் பார்த்ததே இல்லை.

“வாயே தொறக்காத பொண்ணு, இத்தன வீட்டையும் பேச வெச்சிருச்சு. என் மக பேர எழுதிக்குங்க ஐயா. எழுதினது சரியான்னு அடுத்த மாசம் நானே படிச்சுப் பாத்துச் சொல்றேன்.”

நாற்பது வீடுகளின் வாசலில் இரண்டு தடவை நின்று நான் கற்ற தொழில் ரகசியம் இவ்வளவுதான்: எங்கள் ஊரின் சொத்தை அளக்க வருகிறவர், அதை உடையவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் கேட்கலாம்.