நாலாம் அச்சும் கொறற்றி அக்காவும்

கொறற்றி அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அவருக்காக வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். ஆனாலும் ஜெர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் ஆட்கள் இந்தக் கதையை வாய்க்கு வந்தபடி சொல்லித் திரிகிறார்கள். அக்கா குழுத் தலைவருக்குக் கன்னத்தில் அறைந்தார் என்றுகூட ஒருவர் பூசை முடிந்து வரும்போது சொன்னார். அறையவில்லை. அறைந்திருந்தால் அந்த மனிதருக்குச் சுகமாகப் போயிருக்கும்.

அக்காவின் ஊர் மன்னார் பேசாலை. எண்பத்தேழில் அகதியாக வந்தவர். எங்கள் கம்பனிக்கு முதலில் வந்தது கூட்டித் துடைக்க. நாலு வருடம் குப்பைக் கூடைகளை வெறுமையாக்கும்போதே மேசைகளில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒருநாள் போய், "இதை நானும் செய்வேன், ஒரு பெட்டி தாருங்கள்" என்று கேட்டார். சிரித்துக்கொண்டு கொடுத்தார்கள். அக்கா பூட்டிய பெட்டியைச் சோதித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 2006இல் அவர் அந்த மேசையில் பத்தாவது வருடம்.

நாங்கள் செய்வது இணைப்புப் பெட்டி. ஒரு பெரிய இயந்திரத்தில் ஆறு மோட்டர், எட்டு மோட்டர் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றையும் ஓர் அச்சு என்போம். அவற்றை ஓட்டும் கணினிக்கும் மோட்டர்களுக்கும் நடுவில் இருப்பது எங்கள் பெட்டி. ஒவ்வொரு மோட்டரின் பின்புறத்திலிருந்தும் ஏ, பி என்று இரண்டு சமிக்ஞைகள் வரும். மோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைக் கணினி அவற்றை வைத்துத்தான் அறியும். இரண்டும் இடம் மாறினால், முன்னே போகிற மோட்டரைப் பின்னே போவதாகக் கணினி நினைத்து இன்னும் முன்னே தள்ளும். தள்ளத் தள்ள வேகம் கூடும். பிறகு யார் நிறுத்துவது?

அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வயரைப் பூட்டியதும் ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். வராவிட்டால், பிளான் தாளில் அந்தக் கோட்டின்மேல் பச்சைப் பென்சிலால் ஒரு சரி. பெட்டி மூடியின் உட்பக்கத்தில் பிளான் வைக்கிற ஒரு பை இருக்கும். கம்பனி விதிப்படி அதற்குள் சுத்தமான தாள் ஒன்று போகும். அக்கா அதற்குப் பின்னால் தன்னுடைய பச்சைத் தாளையும் மடித்து வைத்துவிடுவார். இது யாருக்கும் தெரியாது. பெட்டிகளைப் பொதி செய்கிற எனக்கே தெரியாது.

அந்த மே மாதம் ஹனோவர் பக்கத்தில் பலகை வெட்டுகிற ஆலை ஒன்றுக்கு ஆறு அச்சுப் பெட்டி. அக்கா பிளானைத் தூக்கிக்கொண்டு குழுத் தலைவர் யானோவ்ஸ்கியிடம் போனார். நாலாம் அச்சில் ஏயும் பியும் மாறிக் கிடக்கின்றன என்று காட்டினார். யானோவ்ஸ்கி தாளைப் பார்க்கவே இல்லை. "பிளானில் உள்ளபடி பூட்டு. யோசிக்க மேலே ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார். அப்போது நான் தள்ளுவண்டியோடு இரண்டு அடி தள்ளி நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

மூன்று கிழமையில், மே கடைசியில், செய்தி வந்தது. நாலாம் அச்சு முதல்முறை ஓடவிட்டபோதே கட்டுமீறி ஓடி, எல்லைத் தடுப்பில் மோதி, தண்டை வளைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற இளைஞன் பின்னால் பாய்ந்ததால் தப்பினான். யானோவ்ஸ்கி எங்கள் பன்னிரண்டு பேரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். கணினியில் இருந்து எடுத்த பிளானைத் தூக்கிக் காட்டினார். அதில் நாலாம் அச்சு சரியாக இருந்தது.

"பிளான் சரி. வாசிக்கத் தெரியாதவர் பூட்டியிருக்கிறார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேனே, சப்பாத்து. ஒரு வார்த்தை போதும், அதுவும் எனக்கு வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அப்மானுங் தந்தார்கள். எழுத்தில் தருகிற எச்சரிக்கை அது. பிழையை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் அத்தோடு முடியும், வைக்காவிட்டால் வேலையே போகலாம். அக்கா வீட்டில் ஜெர்மன் குடியுரிமைக்கு அன்ட்ராக் போட்டிருந்தார்கள். ஜூலையில் டெர்மீன், நேரில் வரச்சொன்ன நாள். வேலை போனால் அந்த விண்ணப்பமும் போகும். கணவர் யாகோப்பு அண்ணை என்னைப் பிடித்து, "நீராவது சொல்லும் பென்ஜமின். ஒரு கையெழுத்துத்தானே" என்று கெஞ்சினார். நானும் வெட்கமில்லாமல் பஸ் தரிப்பில் போய்ச் சொன்னேன்.

"வைக்க ஏலாது," என்றார் அக்கா. "நான் பிழையாப் பூட்டேல்லை. பிழையாப் பூட்டச் சொன்னதைப் பூட்டினனான்."

"அன்ட்ராக் என்னாகும் அக்கா?"

"வாசிக்கத் தெரியாதவள் எண்டு எழுதின கடுதாசியிலை ஒப்பம் வைச்சிட்டு, பிறகு நான் என்ன முகத்தோடை பாஸ்போட்டிலை ஒப்பம் வைக்கிறது?" பஸ் வந்தது. ஏறும்போது திரும்பிச் சொன்னார்: "நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். உம்மை நம்பி நான் வயர் பூட்டேல்லை."

மறுநாள் முதலாளி அம்மாவிடம் நேரே போய் ஒன்றே ஒன்று கேட்டார். பழுது பார்க்கப் பெட்டி திரும்பி வரும்போது தன் முன்னால் திறக்க வேண்டும். அதுவரை கையெழுத்து இல்லை.

பெட்டி ஜூன் நடுவில் வந்தது. உதைபந்து உலகக் கிண்ணக் காலம். ஊர் முழுக்கக் கார்களில் கொடி. யானோவ்ஸ்கியின் சட்டைப் பையிலும் ஒரு சின்னக் கொடி. முதலாளி அம்மா, யானோவ்ஸ்கி, அக்கா. ஆணி கழற்ற நான். மூடியைத் திறந்ததும் அக்கா பையைக் காட்டி, "பின்னாலிருக்கிற தாளை எடுங்கள்" என்றார். அம்மாவே எடுத்து விரித்தார்.

பச்சைச் சரிகள் வரிசையாக இறங்கின. நாலாம் அச்சில் ஏயும் பியும் மாறித்தான் அச்சாகியிருந்தன. ஓரத்தில் ஏப்ரல் மாதத் திகதி. கணினியில் இருந்த நல்ல பிளான் பிறகு யாரோ திருத்தியது. அந்த இரண்டு கோட்டில் மட்டும் பச்சைச் சரி இல்லை. பக்கத்தில் பென்சிலால் ஐந்து வரி தமிழ்.

"இது என்ன?" என்று கேட்டார் அம்மா.

"நான் கேட்டதும் இவர் சொன்னதும்."

யானோவ்ஸ்கி சிரித்தார். "எதையும் எழுதியிருக்கலாம். யார் வாசிப்பது? பென்ஜமினா? இரண்டு பேரும் ஒரே ஊர்."

"அப்படியென்றால் ஹாலே நகரத்துக்கு அனுப்புங்கள்," என்றார் அக்கா. "அங்கே ஒரு காப்பகத்தில், அந்தக் காலத்துப் பாதிரிமார் அனுப்பிய, இந்த எழுத்தில் எழுதிய கடிதங்களை முந்நூறு வருடமாக வைத்திருக்கிறார்கள். வாசிக்க உங்கள் ஆட்களே இருப்பார்கள். நான் காத்திருப்பேன். எனக்கு அவசரம் இல்லை."

அம்மா சிரிக்கவில்லை. "அனுப்பலாம். முதலில் பென்ஜமின் வாசிக்கட்டும்" என்று தாளை என்னிடம் நீட்டினார். நான் ஜெர்மனில் வாசித்தேன். ஒன்பதாம் திகதி மே, காலை பத்து இருபது. நாலாம் அச்சில் ஏ, பி மாறிக் கிடக்கின்றன. யானோவ்ஸ்கியிடம் காட்டினேன். பிளானில் உள்ளபடி பூட்டு என்றார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"என்ன?" என்றார் அம்மா.

"'பக்கத்தில் பென்ஜமின் நின்றார்' என்று இருக்கிறது."

"நின்றாயா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் தொங்கிய ஒரு வயரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்றேன்," என்றேன். "கேட்டேன். அக்கா சொன்னது எல்லாம் உண்மை."

அம்மா எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். யானோவ்ஸ்கி கையை நீட்டி, "சரி, மறந்துவிடுவோம்" என்றார். அக்கா அந்தக் கையைத் தொடவில்லை.

"வாசிக்கத் தெரியாதவர் என்று எங்கே சொன்னீர்கள்? சாப்பாட்டு அறையில், பன்னிரண்டு பேருக்கு முன்னால். இதையும் அங்கே சொல்லுங்கள். அதுவரை நான் திருப்புளியைத் தொடமாட்டேன்."

அப்படியே மேசைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று பின்னேரம் வரை உட்கார்ந்தார். அடுத்த நாளும் உட்கார்ந்தார். ஒழுங்கு செய்ய வேண்டிய பெட்டிகள் மூன்று குவிந்தன. மத்தியானம் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். யானோவ்ஸ்கி தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேட்கவில்லை," என்றார் அக்கா பின்வரிசையிலிருந்து.

"பிளான்தான் பிழை. அவர் என்னிடம் சொன்னார். நான் பார்க்கவில்லை," என்று யானோவ்ஸ்கி உரத்துச் சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று பஸ் தரிப்பில் நான் கேட்டேன். "என்ரை பேரை அதிலை எழுதியிருக்கிறியள் எண்டு முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொல்லியிருந்தா, பெட்டி திறக்கிற அண்டைக்கு நீர் சுகமில்லையெண்டு லீவு எடுத்திருப்பீர்," என்றார்.

எடுத்திருப்பேன்.