உவர்நாடு மூன்றாம் பாகமும் என் இடது கண்ணும்

பக்கத்தின் நடுவே ஒரு முடி கிடந்தது. ஊதினேன், போகவில்லை. விரலால் தள்ளினேன், விரலுக்கு அது அகப்படவில்லை. தலையை நிமிர்த்தி எதிர்ச் சுவரைப் பார்த்தேன். முடி சுவரிலும் இருந்தது.

அப்போது ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து 'உவர்நாடு' நாவலின் இரண்டாம் பாகத்தை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாகம் அந்த மாதக் கடைசியில் வெளிவர இருந்தது. அதற்குள் பழைய பாகங்களை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

உவர்நாடு ஒரு மாயக்கதை. கடல் வற்றி உப்பாய்க் கிடக்கும் தேசம். அந்த உப்பின்மேல் சக்கரம் பூட்டிய படகை ஓட்டிக்கொண்டு, தொலைந்துபோன தன் அண்ணனைத் தேடுகிறாள் நன்முல்லை. வழியில் அவளுக்குத் துணையாக ஒரு கிழட்டு ஆமை சேர்கிறது. அந்த ஆமை பொய்யைத் தவிர எதுவும் பேசாது. இரண்டாம் பாகத்தின் கடைசி வரியில் அது சொல்கிறது: "உன் அண்ணன் உயிரோடு இருக்கிறான்."

அத்துடன் புத்தகம் முடிந்துவிட்டது. அதன்பின் நாங்கள் காத்திருந்தது ஆண்டுக் கணக்கில். நாங்கள் என்றால் நானும் நூர்ஜஹானும். நான் வேதியியல் ஆசிரியை. அவள் அதே பள்ளியில் தமிழாசிரியை, பாலக்கரைக்காரி. ஆமை முதன்முறையாக உண்மை பேசிவிட்டது என்பது அவள் கட்சி. ஆமை மாறாது, அண்ணன் செத்துவிட்டான் என்பது என் கட்சி. இந்தச் சண்டையை மதியச் சாப்பாட்டு நேரங்களில் சலிக்காமல் போட்டிருக்கிறோம்.

முடிக்குப் பிறகு மின்னல் வந்தது. இருட்டில் தலையைத் திருப்பினால் இடது கண்ணின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கீற்று. அடுத்த நாள் வகுப்பில் சாக்பீஸ் தூள் விழுந்த வலது கண்ணைக் கசக்கியபடி பார்த்தால் கரும்பலகையின் கீழ்ப்பகுதி தெரியவில்லை. எழுதியதை யாரோ அழித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு மாணவிகளைப் பார்த்தேன். முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை.

நூரிடம் சொன்னேன்.

"கீழேருந்து தண்ணி ஏறுற மாதிரியா இருக்கு?" என்றாள்.

"ஆமா. கருப்புத் தண்ணி."

"கிளம்பு. சாப்பாடெல்லாம் அப்புறம்."

ஆட்டோவில் என் கையை அவள் விடவே இல்லை. வழியெல்லாம் ஆமையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நான் அழாமல் இருக்க அதுதான் வழி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கண் டாக்டர் என்னைவிட இளையவர். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எனக்கு வந்திருப்பது விழித்திரை விலகல் (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், ஒளியை வாங்கிக்கொள்ளும் மெல்லிய படலம் சுவரிலிருந்து பிரிந்துவருவது) என்றார்.

"ரொம்பப் படிச்சதாலயா டாக்டர்?"

"இல்லம்மா. படிச்சா விழித்திரை கிழியாது. உங்களுக்குச் சின்ன வயசுலேருந்து கிட்டப்பார்வை, பவரும் அதிகம். அந்த மாதிரிக் கண்ணு கொஞ்சம் நீளமா இருக்கும். உள்ளே படலம் இழுபட்டு மெலிஞ்சிருக்கும். அதுல ஓட்டை விழுந்து தண்ணி பின்னாடி போயிடுச்சு. நடுப்பகுதியோட ஓரத்தைத் தொட்டிருக்கு, முழுசாப் பிரியலை. நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடணும்."

"எப்போ படிக்கலாம்?"

அவர் சிரித்தார். "மொதல்ல பார்வையைக் காப்பாத்துவோம். புத்தகம் எங்க ஓடிப்போகுது?"

"இந்த மாசக் கடைசியில வருது டாக்டர்," என்றாள் நூர், எனக்குப் பதிலாக.

இதே நோய்க்காக இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். புதிதாகப் புள்ளிகள், நூல்கள், மின்னல், ஓரத்தில் நிழல் என்று எது தெரிந்தாலும் அன்றே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். வலிக்காது. வலிக்காததால்தான் நாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம்.

எனக்குச் செய்தது விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு, ஓட்டையை லேசரால் அடைத்து, படலத்தைச் சுவரோடு ஒட்டவைக்கும் அறுவை). மரத்துப்போக ஊசி போட்டார்கள். நினைவு முழுக்க இருந்தது. கண்ணுக்குள் நீலமும் ஆரஞ்சுமாக நிழல்கள் நீந்தின. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அழகாகவும் இருந்தது. வலது கண்ணிலும் மெலிந்த இடம் ஒன்று இருந்ததால் அங்கேயும் லேசர் வைத்தார்கள்.

படலம் ஒட்டும்வரை அதை அழுத்திப் பிடிக்க கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்றை விடுகிறார்கள். குமிழ் மேல்நோக்கித்தான் போகும். அது கண்ணின் பின்சுவரை அழுத்த வேண்டுமானால் நாம் குப்புறக் கிடக்க வேண்டும். பகலிலும் இரவிலும், சாப்பிடும்போதும். குமிழ் கரையும்வரை விமானம் கூடாது, மலை ஏறக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணை நெருக்கிவிடும். படிக்கும்போது இரண்டு கண்களும் சேர்ந்தே ஓடும் என்பதால் வலது கண்ணாலும் கொஞ்ச நாள் படிக்க வேண்டாம் என்றார் டாக்டர். எல்லா டாக்டர்களும் இதைச் சொல்வதில்லை என்று பின்னால் அறிந்தேன். உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

என் கணவர் முருகானந்தம் ரயில்வே பணிமனையில் வேலை செய்கிறார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் பழைய ஸ்கூட்டர் டியூப்பை ஊதி, துணி சுற்றி, கட்டில் ஓரத்தில் முகத்தை வைத்துக்கொள்ள ஒரு வளையம் செய்து வைத்திருந்தார். மதுரை மல்லி வாசனை வரும் பவுடரைக்கூட அதில் தூவியிருந்தார். ஆனாலும் ரப்பர் நாற்றம் போகவில்லை.

அதன்பின் என் உலகம் தரையாகிவிட்டது. எங்கள் வீட்டு டைல்ஸில் இத்தனை வகைக் கீறல்கள் உண்டு என்று எனக்குத் தெரியாது. வருகிறவர்களைக் காலை வைத்து அடையாளம் கண்டேன். மருதாணிப் பாதம் நூர். வெடித்த குதிகால் என் கணவர். இட்லியைத் துண்டு போட்டுக் கீழிருந்து அவர் ஊட்டுவார். அவர் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஊட்டியதில் ஒருமுறை சட்னி அவர் மூக்கின் மேலேயே விழுந்தது. சிரிக்கக்கூடாது, தலை ஆடும் என்று என்னையே திட்டினார்.

மூன்றாம் பாகத்தின் வெளியீட்டு விழா எங்கள் ஊரிலேயே நடந்தது. எழுத்தாளரே வந்திருந்தார். அதற்குக் கட்டுவதற்காகப் புடவைகூட எடுத்து வைத்திருந்தேன். அன்று மாலை நான் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்ததும் மருதாணிப் பாதங்கள் வேகமாக வந்து நின்றன. கட்டிலுக்குக் கீழே, என் முகத்துக்கு நேராக, நூர் புத்தகத்தை வைத்தாள். கட்டிலடி இருட்டில் அட்டை நீலமா பச்சையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"கையெழுத்து வாங்கிட்டேன். உன் கதையைச் சொன்னேன். 'ஆமை பொறுமையானது, நீங்களும் பொறுமையா இருங்க'ன்னு எழுதிக் குடுத்திருக்கார்."

"ஆமை சொன்னா பொய்தானே?" என்றேன்.

"நீ படிக்கிற வரைக்கும் நானும் படிக்க மாட்டேன்."

"நெஜமாவா?"

மருதாணிப் பாதம் ஒன்று மற்றதன் பின்னால் ஒளிந்துகொண்டது. "முதல் அத்தியாயம் மட்டும் படிச்சுட்டேன்டி. ஆட்டோ டிராபிக்ல நின்னுடுச்சு."

அவள் போனபின் நான் அழுதேன். குப்புறப் படுத்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேராகத் தரையில் சொட்டும். கணவர் அதைப் பார்த்துவிட்டார்.

"வலிக்குதா?"

"இல்லங்க. படிக்கவே முடியாமப் போயிட்டா?"

அவர் எழுந்தார். துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தார். அப்புறம் கீழே உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தார்.

"நான் படிக்கிறேன். எங்க நிறுத்தணும்னு மட்டும் சொல்லு."

அவர் வாழ்நாளில் ஒரு நாவலும் படித்ததில்லை. ரயில்நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே சுருதியில் படித்தார். நன்முல்லையின் கண்ணீரும் உப்புப் புயலும் அவர் குரலில் ஒரே நடைமேடைக்கு வந்து சேர்ந்தன. இரண்டாவது பக்கத்திலேயே நிறுத்தினார்.

"இந்த ஆமை பொய்தானே சொல்லும்? அப்புறம் ஏன் இவ அதுகிட்ட வழி கேக்குறா?"

"பொய்னு தெரிஞ்சா நேர்மாறாப் போகலாம்ல?"

"அட," என்றார். அந்த 'அட'வில்தான் அவர் விழுந்தார் என்று நினைக்கிறேன். முதல் இரண்டு பாகங்களின் கதையையும் கேட்டார். குப்புறக் கிடந்தபடியே நான் சொன்னேன். பணிமனைக்கு லீவு போட்டிருந்ததால் காலையும் மாலையும் படிப்பு நடந்தது. நூரும் பள்ளி விட்டு வந்து தரையில் உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு காலை, சமையலறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை. இரண்டு விசில்களுக்கு நடுவே காகிதம் திரும்பும் சத்தம் கேட்டது.

"ஏங்க! தனியாப் படிக்கிறீங்களா?"

"இல்லையே, பருப்பு வேகுது."

"பருப்பு பக்கம் திருப்புமா?"

அன்று சாம்பார் கரைந்து ரசமாகிவிட்டது.

பின்னர் சோதனைக்குப் போனோம். இந்த நோயில் மறுபடியும் படலம் பிரிவது உண்டு. அப்படியானால் மீண்டும் அறுவை. டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கணவர் மூச்சுவிட்ட சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

"ஒட்டியிருக்கு. நல்லா ஒட்டியிருக்கு. இனி நிமிர்ந்து உட்காரலாம்."

நிமிர்ந்ததும் குமிழ் இடம் மாறியது. இடது கண்ணின் பார்வையில் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மங்கலாக உலகம், கீழே ததும்பும் இருட்டு. தலையைச் சாய்த்தால் கோடும் ஆடும். "கொத்தனார் வைக்கிற ரசமட்டம் மாதிரியா?" என்று கேட்டார் கணவர். அப்படியேதான். நாள்தோறும் அந்தக் கோடு கொஞ்சம் இறங்கியது, மேலே உலகம் கொஞ்சம் கூடியது. கடைசியில் மிளகளவு ஒரு உருண்டையாகி, ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. சொன்னால் நம்பமாட்டீர்கள், சிறிது வருத்தமாக இருந்தது.

கடைசி அத்தியாயத்தை மட்டும் எனக்காக விட்டுவைக்கச் சொல்லியிருந்தேன். டாக்டர் அனுமதித்த அன்று நானே படித்தேன். ஒரு பக்கத்துக்கு முன்பைவிட நெடுநேரம் ஆனது. இருவரும் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமை சொன்னது மெய்யா பொய்யா என்பதை இங்கே எழுதமாட்டேன். நூர் எழுந்து ஒரு ஆட்டம் போட்டாள் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது இடது கண்ணால் மட்டும் பார்த்தால் நேர்கோடுகள் லேசாக நெளிகின்றன. அது அப்படியே தங்கிவிடலாம் என்கிறார் டாக்டர். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பிகளைப் பார்க்கிறேன். வலதில் நேராக நிற்கும், இடதில் கொஞ்சம் இடுப்பை வளைக்கும். முன்பு எனக்குக் கண் என்று ஒன்று இருப்பதே நினைவில் வராது. இப்போது அது உள்ளே சுவரும் நீரும் உள்ள ஒரு சிறிய அறை என்று தெரியும். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாளைத் தொடங்குகிறேன்.

காத்திருப்பதும் மாறியிருக்கிறது. அதே எழுத்தாளரின் புதிய மாயக்கதை தையில் வருகிறது. மூன்று பிரதிகள் சொல்லியாகிவிட்டது. கணவருக்குத் தனிப்பிரதி வேண்டுமாம். முன்பென்றால் தை வரையுள்ள மாதங்களை யாராவது வாரிக்கொண்டு போனால் தேவலை என்றிருப்பேன். இப்போது ஐப்பசி மழையும் எனக்கு வேண்டும், கார்த்திகையும் வேண்டும்.

சென்ற வாரம் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பையில் வேறொருவர் எழுதி அன்றுதான் வெளிவந்த நாவல் ஒன்று இருந்தது. ஜன்னலோர இடம். பாலத்தில் ஏறியதும் வலது கண்ணை மூடிக்கொண்டேன். பாலத்தின் நீண்ட கைப்பிடி மெல்ல நெளிந்து நெளிந்து என்னோடு வந்தது. காவிரியில் கரைதொட்டுத் தண்ணீர். புத்தகத்தை எடுக்கவில்லை. அக்கரை வரும்வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.