கூரை போடாத வீட்டுக் கதாநாயகி

மாமாவுக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் இடுப்பில் கட்டுகிற சாரம் விற்கிற சிங்களம்தான். என்ன நிறம் வேணும், சாயம் போகாது, இதுக்குக் கீழே கட்டாது, போய்ட்டு வாங்க. அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அவர் ஒரு காதல் கதையைக் கிழமைக்குக் கிழமை எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார் என்பதை இப்போது நினைத்தால் அவருடைய துணிச்சல் பிரமிப்பாக இருக்கிறது.

உம்மாவின் கடைசித் தம்பி அவர். அம்பாறை டவுனில் ஒரு புடவைக் கடையில் நின்றார். வியாழக்கிழமை பின்னேர பஸ்ஸில் மருதமுனைக்கு வந்தால் வெள்ளி பின்னேரம் திரும்பிப் போவார். வரும்போது கையில் ஒரு சிங்களச் சித்திரக்கதைப் பேப்பர் இருக்கும். அந்தக் காலத்தில் அந்தப் பேப்பர்களுக்குச் சரியான கிராக்கி. முன்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை கட்டம் கட்டமாகப் படம், அத்தனையும் காதல். எங்கள் கைக்குக் கிடைத்த தமிழ்ப் படக்கதைகளில் குதிரையும் துப்பாக்கியும்தான் இருந்தன. ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்க நாலைந்து கொலைகளைத் தாண்ட வேண்டும்.

மாமா வந்த அன்று பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் நிற்கும். அடுத்த வளவுப் பெரியம்மா வருவார்; இரத்த உறவு இல்லை, கூப்பிடுகிற முறைதான். அவருக்குப் பின்னால் அவருடைய ஒரே மகள் வருவார், அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர். உம்மா நூல் ராட்டையைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருவார். பேப்பரை விரித்துப் பிடிப்பது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வேலையை வேறு ஆர் கேட்டிருந்தாலும் கடித்திருப்பேன். மாமாவுக்கு அழுவதற்கும் சண்டை பிடிப்பதற்கும் இரண்டு கையும் தேவைப்பட்டன. ஆணும் பெண்ணும் முகத்துக்கு முகம் கிட்டவாக வரும் கட்டத்தில் மட்டும் அவருடைய உள்ளங்கை பாய்ந்து வந்து படத்தை மூடும்.

"இது விளம்பரம்" என்பார்.

காதல் முற்ற முற்ற அந்தப் பேப்பரில் விளம்பரமும் ஏன் கூடிக்கொண்டு போனது என்பது எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

வாசித்து முடிந்ததும் விமர்சனம். அதில் பெரியம்மாதான் நீதிபதி. கதாநாயகனின் கிருதா காதைத் தாண்டி இறங்கியிருந்ததால் முதல் கிழமையே அவனில் அவருக்கு நல்லெண்ணம் இல்லை. கதாநாயகி எந்நேரமும் அழுதாள். கண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. "இவள் எப்ப சோறாக்குவாள்?" என்று கேட்டார் பெரியம்மா. மேகம் மாதிரி வரைந்து அதற்குள் எழுதியிருந்தால் அது மனசுக்குள் நினைப்பது என்று மாமா விளங்கப்படுத்தியபோது உம்மா பயந்தே போனார். "றப்பே, மனசுல நினைக்கிறதெல்லாம் தலைக்கு மேல இப்பிடித் தெரிஞ்சா ஆரு குடும்பம் நடத்துற?" வாப்பா சபைக்கு வருவதில்லை. பக்கத்தில் தறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். உலகத்திலேயே அதிகம் எண்ணெய் குடித்த தறி அதுவாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமாவுக்கு அது சீவமரணப் போராட்டம்.

மாமாவுக்கு ராத்தாவைக் கலியாணம் முடிக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை போய்ப் பெண் கேட்கிறதில்லை. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வர வேண்டும். பெண்ணுக்கு ஒரு வீட்டையும் கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படியிருக்க, தன் வாயால் எனக்கு இவளைத் தாருங்கள் என்று கேட்கிறவனை ஊர் வெட்கம் கெட்டவன் என்று முடிவு கட்டிவிடும். பெரியம்மாவோ கல்முனையில் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்த ஒருவரில் கண் வைத்திருந்தார். மாதம் முடிய உறையில் சம்பளம் வரும் மாப்பிள்ளை. புடவைக் கடையில் நிற்கிறவன் எந்த மூலைக்கு?

ஆகவே மாமா சித்திரக்கதையைப் பிடித்துக்கொண்டார். படத்தில் கதாநாயகன் பளபளவென்று கார் ஓட்டினான். மாமா அவனைப் புடவைக் கடையில் சேர்த்துவிட்டார். கார் முதலாளியின் கார் ஆனது. கண்ணாடி போட்ட இன்னொருவன் பாவம், ஒரு தப்பும் செய்யாமல் ஓரமாக நின்றான். மாமா அவனைக் கந்தோர் கிளார்க்காக்கி, குடிகாரனாக்கி, மூன்றாம் கிழமையில் பெற்ற உம்மாவுக்கே கை ஓங்குகிறவனாக்கினார். பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இன்னொரு மாற்றத்தையும் நான் கவனித்தேன். நோன்பு வரைக்கும் பெரியம்மாவை உம்மா போலவே ராத்தா என்று கூப்பிட்ட மாமா, பெருநாளுக்குப் பிறகு மாமி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். ஒரு மனிதருக்கு உறவுமுறை மறந்து போகுமா என்று யோசித்தேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கிருதாவையும் மறந்து பெரியம்மா கதாநாயகனுக்காக துஆ கேட்கும் நிலைக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, படம் வரைந்த சிங்களவர் கலியாணத்தை வரைந்துவிட்டார். மணப்பெண் அழுதுகொண்டு காரில் ஏறுகிறாள். அடுத்த கட்டத்தில் ஒரு பெரிய வீட்டு வாசலில் இறங்குகிறாள். வாசலில் மாப்பிள்ளையின் தாய் முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"நில்லு, நில்லு" என்றார் பெரியம்மா. "இது ஆருட ஊடு?"

மாமா யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். "மாப்புளட ஊடு."

"என்ன கண்டறியாத கூத்து இது! கலியாணம் முடிச்சவள் என்னத்துக்கு மாப்புளட ஊட்டுக்குப் போறாள்? அவளுக்கு ஊடு வாசல் இல்லையா?"

சிங்கள ஊர்களில் அப்படித்தான் வழக்கம் என்று மாமா சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியம்மா கேட்டால் பதறிப் போகிறவர் அவர். படத்தைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், வாயில் வந்ததைச் சொன்னார்.

"அது வந்து மாமி, பொண்ணுட ஊட்டுக்கு இன்னும் ஓடு போடல்ல. அதான் கொஞ்ச நாளைக்கு..."

உம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ராத்தாவுக்காகப் பெரியம்மா கட்டிக்கொண்டிருந்த வீடு எங்கள் வேலிக்கு அப்பால் நின்றது. சுவர் முடிந்து மரவேலையும் முடிந்திருந்தது. ஓடு மட்டும் இல்லை. சூறாவளி ஊரிலிருந்த ஓடுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதிலிருந்து ஓட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. பெரியப்பா நாவிதன்வெளிப் பக்கம் வயலே கதி என்று கிடப்பார். இந்த அறுவடைக்கு, அடுத்த அறுவடைக்கு என்று தவணை சொல்லிச் சொல்லி, அந்த வீட்டுக்குள் மழை இரண்டு வருடம் குடியிருந்துவிட்டது. பெரியம்மாவின் முன்னால் ஊரில் ஒருவரும் ஓடு என்ற பேச்சை எடுப்பதில்லை.

பெரியம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"எங்கட ஊட்டுக்கு ஓடு போடாத கதை இப்ப சிங்களப் பேப்பர்லயும் வந்திரிக்காக்கும். வா புள்ள போவம்."

ராத்தா ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். மாமா சீமெந்து மூட்டை போலத் தரையில் உட்கார்ந்திருந்தார். தறிப் பக்கத்திலிருந்து வாப்பாவின் குரல் மட்டும் வந்தது. "கார் பொண்ணுட ஊட்டுக்கு வருது எண்டு சொல்லியிருந்தா முடிஞ்சிரிக்கும்." மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வியாழன் மாமா புதுப் பேப்பரோடு வந்தார். அடுத்த வளவிலிருந்து ஒருவரும் வரவில்லை. கந்தோர் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியம்மா ஆள் அனுப்பப் போகிறார் என்று உம்மா மெல்லச் சொன்னார். மாமா பேப்பரை விரிக்கவே இல்லை. அவர் மேல் எனக்குக் கடுங்கோபம். பெரியவர்கள் சண்டை பிடித்தால் பிடிக்கட்டும், அதற்காகக் கதையை நிறுத்துவதா? மாமியார் அந்தப் பெண்ணை என்ன செய்தாள் என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரம் வேலிப் பக்கமிருந்து ராத்தா கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"புள்ள, அந்தப் பேப்பரக் கொஞ்சம் கொண்டு வாங்க. படம் பாத்துட்டுத் தாறன்."

கொண்டுபோனேன். குசினியில் பெரியம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ராத்தா பேப்பரை விரித்தார். படம் பார்க்கப் போகிறார் என்று நினைத்தால், சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்! பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் சிங்களம் படித்தாராம். மாமா திக்கித் திக்கிச் சொல்வதை அவர் கடகடவென்று சொன்னார். எழுத்தை அவர் பார்த்ததாகக்கூட எனக்கு ஞாபகமில்லை. ஒரு கட்டத்தின் மேல் அவரும் உள்ளங்கையை வைத்து, இது விளம்பரம் என்றார்.

போன கிழமை வந்த காரும் பெரிய வீடும் மாமியாரும் அந்தப் பெண் கண்ட கனவாம். இன்னும் கலியாணமே நடக்கவில்லையாம். பெரியம்மா திரும்பவில்லை. ஆனால் மீன் ஆய்கிற கை மெதுவானது. அடுத்த கட்டத்தில் ஒரு லொறி வந்தது. அதன்மேல் ஏதோ அடுக்கியிருந்தது. அச்சு அப்படி, என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"லொறி நிறைய ஓடு" என்றார் ராத்தா.

கை நின்றுவிட்டது. "ஆரு கொண்டு வாறான்?"

"அந்தப் புடவைக் கடைப் பொடியன்தான் உம்மா. பொண்ணுட ஊட்டுக்கு ஓடு இல்லையெண்டு கேள்விப்பட்டு, ஒருத்தருக்கும் சொல்லாம தானே கொண்டு வாறான்."

பெரியம்மா லேசில் நம்புகிறவர் அல்ல. மறுநாள் ஜும்ஆ முடிந்து மாமா வந்ததும் பேப்பரையும் என்னையும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். உம்மா, வாப்பா, ராத்தா எல்லாரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மாமாவை விசாரித்தார்.

"தம்பி, இது கனவு எண்டு என்ட மகள் சொல்றாள். நீ ஓடு இல்லாத ஊடு எண்டாய். எது சரி?"

மாமா இரண்டு கையையும் சாரத்தில் துடைத்தார். பேப்பரை வாங்கி அங்கும் இங்கும் பார்த்தார். ராத்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மாமி. கனவுதான். நான் மாத்தி வாசிச்சிட்டன்."

"அப்ப லொறியில வாறது என்ன?"

மாமா நெடுநேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஓடு மாமா! ராத்தா வாசிச்சாங்க. அவன்தான் பொண்ணுட ஊட்டுக்குக் கொண்டு வாறான்" என்று கத்தினேன். மாமா நிமிர்ந்து ராத்தாவைப் பார்த்தார். அப்படி ஒரு முழியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஓம் மாமி" என்றார். "ஓடுதான்."

பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சபை நடுவே தீர்ப்புச் சொன்னார்.

"இவன்தான் ஆம்புள. கந்தோரும் சம்பளமும் என்னத்துக்கு? இப்பிடி ஒருத்தன் என்ட வாசலுக்கு வந்தா, நான் கண்ண மூடிக்கிட்டு என்ட மகளக் குடுப்பன். அல்லாஹ் அறிய." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "அந்த ஓடு எப்ப வந்து சேரும்?"

"அடுத்த வியாழன் மாமி" என்றார் மாமா.

அடுத்த வியாழன் மாமா பஸ்ஸில் வரவில்லை. அஸருக்குப் பிறகு தெருவில் உழவு மெசின் சத்தம் கேட்டது. பின்னால் பூட்டிய பெட்டி நிறைய ஓடு. உச்சியில் மாமா, தலையிலிருந்து கால் வரை சிவப்புத் தூசி. அம்பாறையில் அவருடைய முதலாளி பழைய களஞ்சியத்தைப் பிரித்துத் தகரம் போடுகிறாராம். இறக்கிய ஓடுகளையெல்லாம் மாமா கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மெசின் அடுத்த வளவின் வேலிப் படலைக்கு முன்னால் போய் நின்றது. தெருவே கூடிவிட்டது.

மாமா இறங்கவில்லை. இறங்கப் பயம் என்று இப்போது தெரிகிறது. மாப்பிள்ளை ஓடு கொண்டுவந்து பெண் வீட்டுக்குக் கூரை போடுவது எங்கள் ஊரில் எவரும் கேள்விப்படாத காரியம். மானம் போய்விட்டது என்று பெரியம்மா அந்த ஓடுகளாலேயே அவரை எறிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. உம்மா என் தோளை இறுகப் பிடித்திருந்தார்.

பெரியம்மா வந்தார். மாமாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓடு ஒன்றை உருவி எடுத்தார். பாசி பிடித்திருந்ததை விரலால் சுரண்டினார். காதோடு வைத்து விரல் மொழியால் தட்டிப் பார்த்தார்.

"பழசு" என்றார்.

அதைப் புரட்டி மறுபக்கத்தையும் தட்டினார்.

"வெடிப்பு இல்ல. மழை வரப் போகுது, இறக்குங்க." இரண்டடி நடந்துவிட்டு உம்மாவிடம் திரும்பினார். "ராவைக்கு அவர் வயலால வருவார். நாளைக்கு நாங்க முறையா மாப்புள கேட்டு வாறம் எண்டு உன்ட புருசனுக்குச் சொல்லு."

உம்மா அழுதார். வாப்பா கையில் எண்ணெய்ப் போத்தலோடு சிரித்தார். மாமா கீழே குதித்த குதியில் நாலு ஓடு உடைந்தது. எல்லாருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது போலிருந்தது. எனக்கு மட்டும் வேறு கவலை. கூட்டத்துக்குள் புகுந்து மாமாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"பேப்பர் எங்க மாமா?"

மாமா தூசி படிந்த கையைத் தலையில் வைத்தார். மறந்தே போய்விட்டாராம்!

ஓவென்று அழத் தொடங்கினேன். ஒரு கிழமை முழுக்கக் காத்திருந்தவள் நான். ஓடு வந்து சேர்ந்ததா, அந்தப் பொடியனுக்குப் பெண்ணைக் கொடுத்தார்களா என்று இனி எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டுக் கேட்டு அழுதேன். அதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. மெசின்காரன்கூடச் சிரித்தான். அழுகிற பிள்ளையைப் பார்த்து ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

கூரை இல்லாத வீட்டின் யன்னலுக்குள் நின்று ராத்தா கூப்பிட்டார்.

"அழாதீங்க புள்ள. மிச்சக் கதைய நான் சொல்றன், வாங்க."

நான் போகவில்லை. பேப்பரே இல்லாமல் இவர் எதைப் பார்த்துச் சொல்லப் போகிறார்?