மல்லாட்டைப் பொட்டலத்தில் போன சாவி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரான்சிஸ், ஒரு தாளைக்கூட வீணாக்க மாட்டார். பழுதான பிரதிகளைக் கட்டி, வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் வேணியிடம் கொடுத்துவிடுவார். பொட்டலம் மடிக்க ஆகும். பதினைந்து வருடப் பழக்கம்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு, சம்பளமில்லாதது. ஏரி நிரம்பினால் கரையோர ஊர்களின் செல்போன்களில் எச்சரிக்கை மணி அடிக்கும் மென்பொருளை எழுதும் பதினோரு தன்னார்வலர்களில் அவரும் ஒருவர். விழுப்புரத்தை அடுத்த காணைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில் குடியிருக்கும் அக்கா ஜெயத்தின் போனில்தான் அதை முதலில் ஏற்றினார்.

ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும், இது நம்முடையதுதான் என்று கணினியில் முத்திரை வைக்க வேண்டும். அதற்கு ஒரு கம்பெனியின் கருவியை நம்பியிருந்தார்கள். "நம்ம குடுமிய எதுக்கு எவன் கையிலயோ குடுக்கணும்?" என்று சண்டை போட்டு, எல்லோரையும் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத, கட்டற்ற ஜிபிஜி கருவிக்கு மாற்றியவர் பிரான்சிஸ். அதில் முத்திரை வைக்க ஆளுக்கொரு ரகசியச் சாவி உண்டு; சாவி என்றால் நீண்ட எழுத்துக்கோவை ஒன்று. விழுப்புரத்தில் கூடி, ஆதார் அட்டையைக் காட்டி, அவரவர் சாவியின் அடையாள எண்களை மட்டும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்கள். கடைசி முத்திரை பிரான்சிஸுடையது என்று முடிவானது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே ரகசியச் சாவியைத் தாளில் அச்சிட்டார். மறந்துபோகுமே என்று கடவுச்சொல்லையும் அடியில் சேர்த்தார். முதல் பிரதியில் மை தீற்றியிருந்தது. இன்னொன்று எடுத்து பீரோவில் பூட்டினார். முதல் பிரதி பழக்கப்பட்ட வழியே வேணியிடம் போனது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மல்லாட்டை வாங்கப்போனவரிடம் வேணி சொன்னாள்:

"போன வாரம் ஒருத்தரு பொட்டலத்தப் பிரிச்சாருண்ணே. மல்லாட்டைய அப்டியே கீழ கொட்டிட்டு, தாள மட்டும் மடிச்சி பாக்கெட்ல வெச்சிக்கினாரு. பிரான்சிஸ் கடை இதானான்னு கேட்டுக்கினு போனாரு."

பிரான்சிஸுக்கு மை தீற்றிய அந்தப் பிரதி நினைவுக்கு வந்தது. விழுப்புரத்தில் பதிப்புகளை ஊர்களுக்கு அனுப்பும் கலைப்பிரியாவை உடனே கூப்பிட்டார்.

"புதுசா எது வந்தாலும் அனுப்பாத."

"காலைலயே அனுப்பிட்டேனேண்ணே. நீங்க போட்டதுதான?"

"நான் எதுவுமே போடலம்மா."

"முத்திரை சரியா இருந்துச்சேண்ணே. உங்களுதுன்னா யாரும் திருப்பிப் பாக்கறதில்லியே."

அவர் பதில் சொல்வதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. ஜெயம்.

"தம்பி, வாசப்படி வரிக்கும் தண்ணி வந்துடுச்சிடா. நீ வெச்சிக்குடுத்த மணி அடிக்கவே இல்லியே?"