அக்கா வாசித்த மன்றாட்டு

அக்கா யாழ்ப்பாணத்துப் பாசையூரில் ஒரு கடற்றொழிலாளர் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். போரில் கணவரையும் வீட்டையும் இழந்து லண்டன் வந்தவர், அங்கே பார்க்கிங் என்ற பகுதியில் மருந்துக் கடையொன்றில் வேலை செய்து தம்பியான என்னைப் படிப்பித்தார். இந்த நினைவு மலரை வாசிக்கும் எல்லோரும் இதுவரை தலையாட்டுவீர்கள். இனி எழுதுவது பலருக்குப் பிடிக்காது. பிடிக்கவேண்டுமென்று நான் எழுதவுமில்லை.

நகரசபை அக்காவுக்குக் கொடுத்த கவுன்சில் பிளாட்டுக்கு எதிரே ஒரு கழிவு யார்ட் இருக்கிறது. அங்கே கட்டடக் குப்பையை அரைக்கும் தூசியெல்லாம், வேறிடம் போக வழியில்லாத ஏழைகளின் வீடுகளுக்குள்தான் போகும். அவர்களுடைய பிள்ளைகளின் மூச்சு முட்டு வருத்தத்துக்கு மருந்து எடுத்துக் கொடுத்தே அக்காவின் பொறுமை போய்விட்டது. யார்ட் முதலாளி எங்கள் தமிழ் ஆள்தான். மாதா திருநாளின் நிரந்தர உபயகாரர். அதனால் கோயிலில் எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை.

திருநாள் பூசையில் மன்றாட்டு வாசிக்கும் முறை அக்காவுக்கு வந்தது. கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு, "யார்ட் தூசியால் மூச்சு முட்டும் பிள்ளைகளுக்காகவும், அந்த யார்ட் மூடப்படவும் மன்றாடுவோமாக" என்றார். பழக்கதோஷத்தில் முழுக் கோயிலும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. முன்வரிசையிலிருந்த முதலாளிதான் எல்லோரிலும் உரக்கச் சொன்னார். சொல்லி முடித்த பிறகே அவர் முகம் கறுத்தது.

வாசலில் திருநாள் சபைத் தலைவர் மறித்தார்.

"கோயிலுக்க அரசியல் கதைக்காதேங்கோ அக்கா. அவர் எங்களுக்கு எவ்வளவு செய்யிறவர்!"

"ஓம் தம்பி. மாதாவுக்குப் பூப்பந்தல் போட்டிட்டு, மாதாவின்ர பிள்ளையளுக்குத் தூசியைக் குடுக்கிறார். நான் திரும்பவும் வாசிப்பன்."

வாசிக்க விடவில்லை. செபமாலைக்கும் கூப்பிடவில்லை. நோயில் கிடந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குருவானவர் போனில் "சமாதானமாப் போங்கோ" என்றதோடு சரி.

இறந்ததும் மட்டும் திரண்டு வந்தீர்கள். அஞ்சலிப் பிரசுரத்தில் 'சமூகசேவகி' என்று போட்டீர்கள். முதலாளியின் மலர்வளையம் ஆளுயரத்தில் வந்தது; வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

கடைசிவரை கஞ்சி வைத்துக் கொடுத்த கீழ்வீட்டு சோமாலியப் பெண்ணுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய வங்காளி டிரைவருக்கும் என் நன்றி. வேறு எவருக்கும் நன்றி சொல்ல எனக்குக் காரணமில்லை.

யார்ட்டைப் பெருப்பிக்க இப்போது அனுமதி கேட்டிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை பின்னேரம் நகர மண்டபத்தில் விசாரணை. இந்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்த அனைவரும் அங்கே வாருங்கள். வராதவர்கள் ஆண்டுத் திருப்பலிக்கும் வரவேண்டாம். அக்காவுக்குப் பூசை வைக்க நான் ஒருவன் போதும்.

— தம்பி