செக்கரின் செருமல்

பஸ் படியில் கால் வைக்குமுன் செக்கர் ஒருமுறை செருமுவார். வீட்டு வாசலிலும் அப்படித்தான். டிக்கெட் எடுக்காதவர்கள் பின்பக்கமாக நழுவ அந்தச் செருமல் தாராளமாகப் போதும். பிடித்ததைவிடத் தப்பவிட்டதே அதிகம். ஆனாலும் கறாரானவர் என்று பெயர்.

உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. அதை வெட்டியெடுத்து, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தார்கள். தண்ணீர் குடிக்கலாம் என்று சொன்ன அன்று இரண்டு மடக்கு குடித்துவிட்டுச் செருமினார்.

"பழையபடி ஆயிட்டாரு!" மனைவிக்குக் கண் கலங்கியது.

"இருமல் இருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது மகள் பதில் சொன்னாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஆஸ்பத்திரியில் பேசுவது அவள் இலாகா.

"அது வருஷக்கணக்கா இருக்கற பழக்கம், டாக்டர்."

அவள் சொன்ன தெளிவில் டாக்டரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. மருந்தை மாற்றினார்கள்.

மறுநாள் தாய்மாமா வந்தார். முன்பு ஒருநாள் பஸ்ஸில் டிக்கெட்டைத் தேடித் தடவிக்கொண்டிருந்தவரை, "மச்சான்னா ஓசியா?" என்று செக்கர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். டிக்கெட் சட்டைப்பையில்தான் இருந்தது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

மாமா ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்தார். ஒவ்வொரு வாய்க்கும் செக்கர் செருமினார். மாமா விருட்டென்று எழுந்தார்.

"பாத்தியா, என்னைப் பாத்து செருமறாரு!"

"அது பழக்கம் மாமா."

"எனக்கே சொல்றியா? இந்த மனுஷன் செருமினா பின்னாடியே திட்டு வரும். இப்ப தண்ணி உள்ள போனாதான் செருமறாரு, வாயே தொறக்கல. என்னை மதிக்கலன்னுதானே அர்த்தம்?"

மகளுக்குச் சுருக்கென்றது. டாக்டரிடம் ஓடினாள்.

"குடிச்சா மட்டும்தான் இருமல் வருது. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். மூச்சுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவே ஓட்டை. குடித்ததெல்லாம் நுரையீரலுக்குப் போயிருந்தது. "ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர். செக்கரின் மனைவி அதைச் சொந்தக்காரர்களிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

வாய்வழி எதுவும் கூடாதென்று சிறுகுடலுக்கு நேராகக் குழாய் வைத்து உணவு கொடுத்தார்கள். ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்க மூச்சுக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பு தேறியதும் மார்புத் தசையைத் திருப்பி ஓட்டையை மூடினார்கள். செக்கர் பிழைத்தார்.

"மாமா இல்லன்னா நீங்க இல்லப்பா. ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா என்ன?"

"கேக்கறேன், கேக்கறேன். முதல்ல அவன் வரட்டும்."

"முதல்ல அவரு கூப்பிடட்டும்" என்றார் மாமா.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. ஒருநாள் தூக்கத்திலேயே செக்கர் போய்ச் சேர்ந்தார்.

எல்லாம் முடிந்து வீடு காலியானதும் மாமா மெல்லக் கேட்டார்: "என்னைப் பத்தி எதாவது சொன்னாராம்மா?"

எல்லாருக்காகவும் பேசிப் பழகியவள், ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் டிக்கெட் எடுத்திருந்தேம்மா" என்றார் மாமா.