கோடிச்சேலையும் சாவிக்கொத்தும்

பரிமளா அரை நாள் விதவையாக இருந்தாள். அவள் புருஷன் ரகுநாத் அந்த நேரத்தில் குவைத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருந்தார்.

திருவரங்குளத்தில் அவளுடைய செல்போன் சர்வீஸ் கடையும் என் தையல் கடையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பரிமளா கல்யாணத்துக்கு முன்னால் சென்னைப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். எனக்கு வாய் நீளம். அவள் அதிகம் பேச மாட்டாள், ஆனால் எதையும் மறக்க மாட்டாள்.

அன்று காலையில் பஸ் ஸ்டாப் சுவரில் ஒரு போஸ்டர். ரகுநாத் படம் போட்டு, அகால மரணம், கண்ணீர் அஞ்சலி. யார் ஒட்டினார்களோ, அவன் கை விளங்காமல் போக! தெருவே திரண்டு கடைக்குள் வந்துவிட்டது. அவள் ஓரகத்தி அன்புச்செல்வி, அதாவது ரகுநாத்தின் தம்பி சோலையப்பன் மனைவி, தலைவிரி கோலமாக ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுதாள். பரிமளா போன் போட்டுக்கொண்டே இருந்தாள். வேலை நேரத்தில் அங்கே போனைக் கையில் வைக்க விடமாட்டார்கள், அவர் எடுக்கவில்லை. அந்தக் கும்பலில் யாரோ ஒருத்தி கை அவள் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டது. அதற்கென்று நாளும் முறையும் உண்டு. அழுகிற வேகத்தில் எவளுக்கு முறை தெரியும்? யார் கை என்று நானும் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "என்ன பரிமளா, இத்தனை மிஸ்டு கால்?"

வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தவள், "ஒண்ணுமில்லங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"வாடி, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன்.

"அங்க மன்னிப்பு எழுதி வாங்கிட்டு விட்டுருவாங்க ஷர்லிக்கா. எனக்கு மன்னிப்பு வேணாம். அவன் உசுரோட செத்துப் பாக்கணும்."

போஸ்டரில் இருந்த படம் அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்ட படம். அப்படியென்றால் செய்தவன் சொந்தக்காரன். எந்தச் சொந்தக்காரன்?

கட்டைவிரல் அளவு ஒரு சிப் போர்டை எடுத்து, பழைய போன் பேட்டரியைக் கோத்து, சுண்ணாம்பு டப்பாவுக்குள் வைத்தாள். "இது பாதி நேரம் தூங்கும்க்கா. அப்பப்ப முழிச்சு, பக்கத்துல எந்தெந்த ப்ளூடூத் இருக்குன்னு கேட்டு, குறிச்சு வச்சுக்கிட்டு மறுபடி தூங்கிரும். பேட்டரி ரொம்ப நாளு தாங்கும்."

"அப்ப அவன் போன் மாட்டிக்கிருமா?"

"போன் மாட்டாது. அடிக்கடி தன் ப்ளூடூத் நம்பரை மாத்திக்கிட்டே இருக்கும். சாவிக்கொத்துல மாட்டுற மலிவு ப்ளூடூத் பட்டன் மாத்தாது."

அதற்கப்புறம் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். ரகுநாத்தும் லீவில் வந்தார். சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் அழைத்தாள். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலைபாக்கு, கூடவே சாவிக்கொத்தில் மாட்டுகிற ஒரு ப்ளூடூத் பட்டன். "சாவி தொலைஞ்சா போன்ல தேடிக்கலாம்" என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தன் கையாலேயே கொடுத்தாள். எந்தப் பட்டன் யாருக்கு என்று முன்கூட்டியே அந்த போர்டுக்குச் சொல்லி வைத்திருந்தாள், படுபாவி! யாரும் போனில் இணைக்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறதென்று வண்டிச் சாவியில் மாட்டிக்கொண்டார்கள்.

மண்டப வாசலில் பெரிய பிளெக்ஸ். அதில் ரகுநாத்தும் மகளும் மட்டும். சித்தப்பன் பெரியப்பன் ஒருத்தர் படமும் கிடையாது. "ஏண்டி இப்புடி?" என்றேன். "யாருக்கு வயிறு எரியணுமோ எரியட்டும்க்கா" என்றாள்.

எரிந்தது. ரகுநாத் குவைத் திரும்பிய மறுவாரமே அதே சுவரில் அதே போஸ்டர். பரிமளா அதைக் கிழிக்கக்கூட இல்லை. எதிரே வேப்பமரப் பொந்தில் முன்பே ஒளித்து வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்து லேப்டாப்பில் போட்டாள். அந்த வழியாக வண்டியில் போன சொந்தக்காரர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். எல்லாரும் கடந்து போயிருந்தார்கள். ஒருத்தன் மட்டும், விடியற்காலையில், பசை தடவி ஒட்டுகிற நேரம் நின்றிருந்தான். சோலையப்பன். கூடப்பிறந்த தம்பி!

"ஒப்பாரி தெரிஞ்ச பொம்பளைங்க நாலு பேரைக் கூப்புடுங்கக்கா" என்றாள் பரிமளா. நான் ஆறு பேரைக் கூட்டிப்போனேன். தாம்பாளத்தில் வெள்ளைக் கோடிச்சேலை. புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் போட வேண்டிய சேலை அது. முறை பார்க்கும் நிலையிலா அவள் இருந்தாள்?

சோலையப்பன் வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம். "போயிட்டியே என் ராசா!" என்று நான் எடுத்துக்கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுசில் அவ்வளவு மனசாரப் பாடியதில்லை.

டீ கொட்டிவிட்டது. "அண்ணி, என்ன கூத்து இது? கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?"

"பொறுங்க தம்பி, அழுது முடிக்கட்டும். அன்னைக்கு நானும் இப்புடித்தான் ஒக்காந்திருந்தேன்."

"போஸ்டரா? நான் அங்கிட்டுப் போகவே இல்ல! எவன் சொன்னான்?"

யார் போனிலும் இணைக்காத பட்டன் அது; பரிமளா அதைத் தன் போனில் இணைத்துத் தட்டினாள். அவன் இடுப்பிலிருந்து கீ, கீ என்று கத்தத் தொடங்கியது சாவிக்கொத்து. எடுத்து அமுக்கினான், உதறினான். நிற்கவில்லை. அக்கம்பக்கத்தார் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இதுதான் தம்பி சொன்னுச்சு. ரெண்டாவது போஸ்டர் ஒட்டையில இது ஒங்க வண்டியில தொங்குச்சு."

அவன் முகம் செத்துவிட்டது. "அண்ணன் புதுவீட்டு பிளெக்ஸ்ல என் மூஞ்சிய ஸ்டாம்பு சைசுல போட்டாரு. காதுகுத்துக்கு அதுவும் இல்ல. ஒரு வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டா?"

அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள் அன்புச்செல்வி. எங்கள் ஒப்பாரி தானாக நின்றுவிட்டது. அவள் தாம்பாளத்தை நோக்கி வந்தாள். பரிமளா சட்டென்று அதைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஒனக்கில்ல அன்பு. இவன் மூஞ்சில எறியத்தான் கொண்டாந்தேன்."

"அன்னைக்கு ஒங்க பொட்ட அழிச்சது இந்தக் கைதான்க்கா" என்றாள் அன்புச்செல்வி. "பைத்தியக்காரி மாதிரி அழுதுக்கிட்டே அழிச்சேன். இவரு கடை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லல."

அதே கையால் தன் நெற்றிப் பொட்டை அழித்தாள். கோடிச்சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"அன்பு! ஏய் அன்பு!" என்று சோலையப்பன் கதவைத் தட்டினான். சாவிக்கொத்து அவன் கையில் கத்திக்கொண்டே இருந்தது. பரிமளா அதை நிறுத்தவில்லை.